கறள் கணக்கு

பழைய இரும்புக்காரர்
காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.
பொனெற்றைத் திறக்கவில்லை.
ஓடுமோ என்றும் கேட்கவில்லை.
இறைச்சிக்கு மாடு பார்க்கிறவர் போல
நிறையை மட்டும் கண்ணால் தூக்கிப் பார்த்தார்.
"எழுபத்தையாயிரம். பற்றரி இருந்தால் இன்னும் ரெண்டு."
பற்றரி இல்லை.

எண்பத்தொராம் வருட லான்சர்.
நான் விற்கவில்லை.
ஏனென்று கேட்டவர்களுக்கு,
நிலாவெளி ஆஸ்பத்திரி மருந்தறையைப் பூட்டிவிட்டு வந்தால்
கடைசி பஸ்ஸின் பின்வெளிச்சம்தான் மிச்சம் என்றேன்.
அதுவும் உண்மைதான்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன்.
முதல் பக்கத்தில்
சீட்டுக்காசு, ஒரு லட்சத்து இருபதினாயிரம்.
இதற்குமேல் ஒரு சதமும் இல்லை என்று எழுதி
கீழே கையெழுத்து வைத்தேன்,
என்னை எனக்கே நம்பிக்கை இல்லாததால்.

கிண்ணியாவிலிருந்து ஜவ்சி
வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் மட்டும் வந்தான்.
காபரேட்டரைக் கழற்றிப்
பால்மா ரின்னுக்குள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டான்.
"எஞ்சின் நல்ல பிள்ளை அக்கா.
உடம்புதான்…"
மிச்சத்தைச் சொல்லாமல்
கதவின் கீழ்விளிம்பை விரலால் அழுத்திக் காட்டினான்.
பப்படம்.
நாற்பது வருட உப்புக்காற்று
உட்கார்ந்து சாப்பிட்ட இடம்.

சாரதிப் பக்கத் தரையில் ஒரு ஓட்டை.
அதனூடாக எங்கள் முற்றம் தெரிந்தது.
ஒரு எறும்பு நிரை
வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

புதுத் தகடு எண்ணாயிரம் என்றார்கள் என்.சி. வீதியில்.
கொப்பி சம்மதிக்கவில்லை.
உப்புவெளியில் மூடிப்போன கூல்பார் ஒன்று
தன் பெயர்ப்பலகையை ஆயிரத்திருநூறுக்குத் தந்தது.
சீனக்குடா சுமனதாச அதை அளவாக வெட்டி
எழுத்துப் பக்கம் மேலேயா கீழேயா என்று
பாதி சிங்களத்திலும் மீதி கையாலும் கேட்டார்.
மேலே என்றேன்.
இப்போது கிளச்சுக்குக் கீழே 'பலூ'.
பிரேக்குக்குக் கீழே 'டா'.
ஒவ்வொரு வளைவிலும்
நில் என்று நான் மிதிக்க
மிச்சத்தை அது சொல்லும்.

ரயர் இரண்டு, பாவித்தது, தம்பலகாமத்தில்.
ஒரு ஹெட்லைற் கந்தளாயிலிருந்து,
மற்றதோடு நிறம் ஒத்துப்போகாதது.
இடது கதவுப் பூட்டுக்குக் காசு போதவில்லை.
அது வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.

பெயின்ற்றுக்கு ஒன்பதாயிரம்தான்.
வலது பக்கம் மட்டும் அடித்தோம்,
ரோட்டுக்குத் தெரிகிற பக்கம்.
மதிலுக்குத் தெரிகிற பக்கத்தை
மதில் பொறுத்துக்கொள்ளட்டும்.

காயவிட்டுப் படுத்த இரவு
மூன்று மணிக்கு ஏதோ உரசியது.
டைக் வீதியில் கள்ளன் என்று
டோச்சை அடித்தேன்.
மான்.
கொம்புத்தோல் உரிகிற காலம் அதுக்கு.
புதுக் கதவில் தலையைச் சாய்த்து
மேலும் கீழும் தேய்த்துக்கொண்டு நின்றது.
வெளிச்சத்தைப் பார்த்தது,
என்னைப் பார்த்தது,
வேலையை முடித்துவிட்டுத்தான் போனது.

விடியப் பார்த்தால் ஐந்து கோடு.
வெள்ளிக்கிழமை ஜவ்சி
குந்தியிருந்து சிரித்தான், கண்ணீர் வரும்வரை.
நான் கொப்பியை எடுத்து
திகதி போட்டு எழுதினேன்:
மான். கூலி வாங்கவில்லை.
மிச்சம் முந்நூற்றுநாற்பது ரூபா.
அது பெற்றோலுக்கே காணாது.

மறு கிழமை
அநுராதபுரச் சந்திக்குப் போகிற வழியில்
இரும்புக்காரர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார்.
நிறுத்தினேன்.
மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார்.
கோடுகளைத் தடவினார்.
"இப்ப என்ன தருவீங்கள்?"
யோசித்தார்,
நேர்மையான மனிசன்.
"அதே எழுபத்தைஞ்சுதான் பிள்ளை.
பற்றரிக்கு ரெண்டு."

ஏறுங்கோ என்றேன்.
வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை.
காதை மட்டும் எஞ்சின் பக்கம் சாய்த்திருந்தார்.
சந்தியில் மிதித்தேன்.
நின்றது.

அவர் கைப்பிடியை இழுத்தார்,
இன்னொருதரம் இழுத்தார்.
பொறுங்கோ என்று இறங்கி
காரை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.
பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் பார்க்க,
சாரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு
மந்திரி மாதிரி இறங்கினார்.